கரை இல்லாத பாவு

ஆரணிக் கோட்டை மைதானத்தில் காலை நடைக்கு வருகிற நம் கூட்டத்தில் போன வாரம் நடந்த பேச்சை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம்மில் ஒருவரின் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள், நன்றாகப் படம் வரைகிறாள். சென்னையில் டிசைன் படிப்பில் சேர்க்கலாமா, கம்ப்யூட்டர் என்ஜினியரிங்கிலேயே போட்டுவிடலாமா என்று அவர் கேட்டார். ஒரு சுற்று முடிவதற்குள் நாம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டோம். பிள்ளைக்குப் பிடித்ததைத் தடுப்பது பாவம் என்றது ஒரு கட்சி. பிடித்தது மாதாமாதம் சம்பளம் கொடுக்குமா என்றது இன்னொன்று. நான் எதிலும் சேரவில்லை. "இன்னா, தேதி கிழமையோட பேசற ஆளு இன்னிக்கு வாயே தொறக்கல" என்று கிண்டல் செய்தீர்கள். அன்று சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன்.

நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த கோடை அது. பிளஸ் டூ என்ற ஏற்பாடு வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. கொம்பு வளைந்த பழைய ‘லை’யும் ‘னை’யும் பாடப்புத்தகத்தை விட்டுப் போய், லாரிகளின் பின்பலகையில் மட்டும் மிச்சமிருந்தன. காலத்தைக் குறித்துக்கொள்ள இது போதும்.

எங்கள் வீட்டில் ஒரே தறி. நைனா கோர்வைப் புடவை நெய்பவர். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கோர்வை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம்; இரண்டும் சந்திக்கிற இடத்தில் இழையை இழையோடு கோத்து வாங்க வேண்டும். அதற்குக் குறுக்கிழையை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா மூன்று வேண்டும். இரண்டை நெய்பவரே வீசிவிடுவார். வலது கரையின் நாடாவைத் தள்ளுவதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். எங்கள் தெருவில் அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். என் நாடா சிறியது. இரண்டு முனையிலும் பித்தளைக் கூர் வைத்தது. என் உள்ளங்கை வியர்வை பட்டுப் பட்டு அதன் மரம் கறுத்து வழவழப்பாகிவிட்டிருந்தது. அது எங்கே போனது என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை.

விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் அந்த இடத்தில் நான் உட்காருவேன். நான் பள்ளியில் இருக்கும் நேரத்தில் அம்மா உட்காருவாள். காலையும் மாலையும் அவளுக்கு அடுப்படி வேலை. இப்படி முறை மாற்றித்தான் தறியும் ஓடியது, என் படிப்பும் ஓடியது.

அந்தக் கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் களம்பூர் போய்வர அம்மா எனக்கு அனுமதி வாங்கித் தந்தாள். அங்கே ஒரு ரைஸ் மில்லில் அவள் தம்பி, என் மாமா, மூட்டை எடை போடுகிற வேலையில் இருந்தார். நாள் முழுக்க நெல் அவிகிற ஆவி. பல்லிடுக்கில் கூடத் தவிடு. மில்லுக்குப் பின்புறம் வேப்பமரத்தடியில் லாரிகளுக்கு எழுத்து எழுதுகிற பெயின்டர் ஒருவர் இருந்தார். மண்ணெண்ணெய் டப்பாவில் ஊறுகிற தூரிகைகள், டர்பன்டைன் வாசனை, எனாமல் டப்பாவின் மேல் ஆடை கட்டிய சிவப்பு. அந்த ஆடையைக் குச்சியால் முழுசாக வாரி எடுப்பதற்காகவே நான் அங்கே போனேன் என்று சொன்னாலும் பொய்யில்லை.

முதலில் அவர் கோடு போட்ட எழுத்துக்குள் நிறம் நிரப்பினேன். பிறகு நானே எழுதினேன். பெயின்டருக்குக் கை பிரமாதம். ஆனால் எல்லாமே கண்மதிப்பு. முதல் எழுத்துகள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும். கடைசி எழுத்து நெரிசல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவனைப் போல ஒடுங்கி நிற்கும். எனக்கு அது பொறுக்கவில்லை. ‘ண’வுக்கு எவ்வளவு இடம், ‘ர’வுக்கு எவ்வளவு, இரண்டு எழுத்துக்கு நடுவில் எவ்வளவு என்று பங்கு வைத்து, பலகையின் அகலத்தை அதற்கு வகுத்துச் சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொள்வேன். மண்ணில் குச்சியால் கணக்குப் போடுவேன். தூரிகை பிடித்த நேரத்தைவிட அதற்கு எடுத்துக்கொண்ட நேரம் அதிகம். "தம்பி லாரிக்கு ஜாதகம் கணிக்குது" என்பார் பெயின்டர். புள்ளிகள் சரியாக விழுந்தால் எழுத்து தானாக வந்து உட்காரும். அதில்தான் எனக்கு ருசி.

வைகாசி அமாவாசையன்று நைனா களம்பூருக்கு வந்தார். அந்த முறை ஞாயிறும் அமாவாசையும் ஒரே நாளில் வந்திருக்க வேண்டும். அமாவாசைக்கு எங்கள் தெருவில் தறி ஓடாது. மற்ற நாளில் நைனா தறிக்குழியை விட்டு எழுந்திருக்க மாட்டார். நான் ஒரு லாரியின் பின்பலகையில் ‘ஒலி எழுப்பவும்’ எழுதிக்கொண்டிருந்தேன். கணக்கெல்லாம் முடிந்து, சாக்பீஸ் புள்ளிகளை மறைத்துக்கொண்டு தூரிகை ஓடிய நேரம். யாரோ பின்னால் நிற்பது தெரிந்தது. திரும்பிப் பார்த்தபோது நைனா.  மாமாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு இங்கே பெயின்ட் பூசுகிறேன் என்று அறை விழும் என்றே நினைத்தேன்.

அவர் கிட்ட வந்தார். எழுத்தைப் பார்த்தார். பிறகு பலகைக்கு அந்தப் பக்கம் போய், உட்புறத்தைப் பார்த்துவிட்டு வந்தார். எந்தத் துணியையும் திருப்பிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. பெயின்டரைத் தனியே அழைத்துக்கொண்டு போய்ப் பேசினார். காதில் விழுந்தது கொஞ்சம்தான்.

"லாரிக்கு எழுதினா கஞ்சிதாண்ணே. வேலூர்ல சினிமா பேனர் கம்பெனிங்க இருக்குது. இந்தக் கை அங்க இருந்தா ராஜா மாதிரி" என்றார் பெயின்டர்.

பஸ்ஸில் சேர்ந்தே திரும்பினோம். ஆரணி நெருங்கும்போது, "பொட்டு பெசகாம எழுதறியே, யாரு சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார். நானாகத்தான் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முகம் சிவந்திருந்தது. கோபம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் நடந்தது எங்கள் வீட்டில் அதுவரை நடக்காதது. வேலை நாளில் நைனா தறியை நிறுத்திவிட்டு வேலூர் போனார். எதற்கென்று அம்மாவிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவர் கட்டைவிரலில் நீலம். "கைய கழுவிகினு வாங்க" என்றாள் அம்மா. கழுவினேன், போகவில்லை என்றார். எங்கேயாவது ஈரப் பெயின்டில் கை வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

புதுப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற பட்டு இழைக்கட்டு, வந்தது அதற்கு இரண்டொரு நாள் கழித்து. பழைய பாவு உருளையில் தீர்ந்துகொண்டு வரும்போதே பட்டு முதலாளியிடம் சொல்லி அடுத்த பாவை வாங்கி வைப்பது வழக்கம். நைனா மூட்டையைக் கூடத்தில் வைத்தார். அம்மா வழக்கம்போல நிறம் பார்க்க அவிழ்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். கோர்வைப் பாவு என்றால் உடல் இழை தனி, கரை இழை தனியாக முடிந்திருக்கும். இதில் அந்த முடிச்சு இல்லை. ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே வெங்காய நிறம்.

"கரை எங்க?" என்றாள் அம்மா.

"கரை இல்ல. ஒத்த நாடா."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். ஒற்றை நாடாப் புடவைக்குக் கூலி குறைவு என்பது மட்டுமில்லை. கோர்வைக்காரர் என்று தெருவில் பெயர் எடுத்தவர் வலிய அதைக் கேட்டு வாங்கி வந்தால், கை தளர்ந்துவிட்டது என்றுதான் பேசுவார்கள்.

"இவன் வேலூர் போறான்" என்றார் நைனா. "பேனர் கம்பெனியில பேசி முடிச்சிட்டேன். தங்கறதும் சோறும் அவுங்க பொறுப்பு. இவன் இல்லாம கோர்வ எப்படி நெய்யறது? அதான். எங்க நைனா என்னய குழியில எறக்கும்போது எனக்கு எது புடிக்கும்னு கேக்கல. நான் அப்படி இருக்க மாட்டேன். இவனுக்குப் புடிச்சதுக்கே இவன் போவட்டும்."

அவர் அவ்வளவு சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். அந்த முகத்துக்கு எதிரே வேறென்ன செய்வது? அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் நைனா.

நண்பர்களே, அடம்பிடிக்கிற அப்பாவிடம் சண்டை போடலாம். உனக்காக விட்டுக்கொடுத்தேன் என்று வந்து நிற்கிற அப்பாவிடம் என்ன செய்வீர்கள்? எனக்குப் பதினொன்றாம் வகுப்பில் கணக்கு எடுக்க ஆசை. கணக்கு வாத்தியார் கடைசி வகுப்பில் கரும்பலகையின் ஓரத்தில் மேல் வகுப்பில் வரப்போவது என்று ஒன்றை எழுதிக் காட்டி அழித்திருந்தார். அழித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். எழுத்து எழுதுவதும் பிடிக்கும். அது என் வயிற்றுப்பாடாக வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. நைனா களம்பூரில் கண்டது தூரிகையை. அதற்கு முன்னால் மண்ணில் போட்டிருந்த கணக்கை அவர் காணவில்லை. வருவதற்குள் மிதிபட்டு அழிந்துவிட்டது.

 பழைய பாவு உருளையில் நாளுக்கு நாள் இளைத்தது. அது தீர்ந்ததும் புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் நுனிகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பார்கள். பிணைத்துவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது. அந்தப் பாவு முடியும்வரை தறியில் கரைக்கு இடமில்லை, எனக்கும் இடமில்லை. அதற்குள் சொன்னால் மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்து, கோர்வையே வாங்கிவரலாம். நான் கரையில் உட்கார்ந்தபடியே பள்ளிக்கும் போய்வரலாம். நாடாவை ஒவ்வொரு தடவை தள்ளும்போதும், அடுத்த தடவைக்குள் சொல்லிவிடுகிறேன் என்று நினைப்பேன். நைனாவோ நெய்துகொண்டே வேலூரைப் பற்றிப் பேசுவார். பேனர் எழுத எப்படிச் சாரம் கட்டுகிறார்கள், முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எப்படிப் பெரிதாக்குகிறார்கள், கண்ணை ஏன் கடைசியில் வைக்கிறார்கள். ஒரே ஒரு பகலில் அவர் அதையெல்லாம் எப்படிக் கவனித்து வந்தார் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. என் கை பிசகி இரண்டு இடத்தில் கோர்வை விட்டுப் போயிற்று. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஒரு நாள் அம்மா நாடாவுக்குள் வைக்கிற தாரில் இழை சுற்றிக்கொண்டே, "ஒனக்கு இஷ்டந்தான?" என்று கேட்டாள். நைனா பக்கத்தில் தறியில் இருந்தார். மிதிகட்டைச் சத்தம் நின்றது. "உம்" என்றேன். சத்தம் மறுபடி தொடங்கியது. அம்மா என்னை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாள்.

பரீட்சை முடிவு வந்தது. கணக்கில் நல்ல மார்க். மறுநாள் கணக்கு வாத்தியார் சைக்கிளோடு எங்கள் வாசலில் நின்றார். இறங்கவில்லை, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கணக்கு குரூப்பில் எனக்கு ஓர் இடம் சொல்லிவைத்திருப்பதாகவும், அடுத்த திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டும் என்றும் சொன்னார். நைனா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு பதில் சொன்னார்.

"அவனுக்குப் படிப்புல நாட்டமில்லிங்க சார். அவனுக்குப் புடிச்ச எடத்துல உட்டுடலாம்னு இருக்கறேன்."

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் சைக்கிளின் முன்சக்கரத்தைப் பார்த்தேன். "நல்ல விஷயம். இந்தக் காலத்துல யாரு இப்படி நெனைக்கறாங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார். அவர் சொன்னதில் கேலி இல்லை. நைனாவுக்கு அன்று முழுக்க நடையே மாறியிருந்தது.

பாவு பிணைக்கிற நாள் வெள்ளிக்கிழமை. பிணைக்கிறவர் அடுத்த தெருக்காரர். நாக்கும் விரலும் ஒரே வேகத்தில் ஓடும். கொட்டாங்கச்சியில் சாம்பலை வைத்துக்கொண்டு தறிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சாம்பலைத் தொட்டு, பழைய நுனி ஒன்று, புது நுனி ஒன்று, ஒரு முறுக்கு. அடுத்தது. நான் இழை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓரத்திலிருந்து பிணைத்த பகுதி வளர்ந்துகொண்டே வந்தது. இப்போது சொல்ல வேண்டும், இப்போது, என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே அது பாவின் நடுப்பகுதியைத் தொட்டுவிட்டது.

"இன்னாபா" என்றார் பிணைக்கிறவர், "கோர்வக்காரரு ஒத்த நாடாவுக்கு எறங்கிட்ட? புள்ள கலெக்டரு ஆவப் போறானா?"

"பெயின்டரு ஆவப் போறான்" என்றார் நைனா. கலெக்டரைவிட அது பெரிது என்பதுபோலச் சொன்னார். "நாளைக்கு நம்ம டாக்கீஸ் வாசல்ல நீ அண்ணாந்து பாக்கறது இவன் போட்டதா இருக்கும்."

"நான் போவல நைனா."

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. பிணைக்கிறவரின் விரல் ஒரு முறுக்கின் பாதியில் நின்றது.

"இன்னா?"

"வேலூருக்குப் போவல. ஸ்கூலுக்குப் போறேன். கணக்கு எடுக்கறேன்."

 நைனா தணிவாகக் கேட்டார். "எழுதறது புடிக்கலியா ஒனக்கு?"

"புடிக்குது."

"அப்பறம்?"

"ஞாயித்துக்கெழமைக்குப் புடிக்குது. பொழுதன்னிக்கும் வேணாம்."

பிணைக்கிறவர் சிரிக்கத் தொடங்கி, நைனாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். நைனா பாவின் மேல் உள்ளங்கையை வைத்தார். வெங்காய நிறம் அவர் கைக்கு அடியில் பளபளத்தது.

"அப்ப இந்தப் பாவு யாருக்கு?"

 உள்ளேயிருந்து அம்மாவின் குரல்தான் வந்தது. ராட்டையை அவள் நிறுத்தவில்லை.

"நீங்க ஆசப்பட்டு வாங்கிகினு வந்தது. நீங்கதான் நெய்யணும்."

இன்றைக்கு நைனாவின் அன்றைய வயதை நான் எப்போதோ கடந்துவிட்டேன். அந்த நீலக் கட்டைவிரலை நினைத்துப் பார்க்கிறேன். பேனர் கம்பெனியில் அவரிடம் யாரோ தூரிகையைக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது அவரே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். எனக்காகப் பேசப் போனவர் எதற்கு அதைத் தொட்டார் என்று நான் அவரிடம் கேட்டதில்லை. அது யாருடைய ஆசை என்று அம்மாவுக்கு மட்டும் அன்றே தெரிந்திருக்கிறது.

"நிறுத்தட்டுமா? பாதி ஆயிடிச்சே" என்றார் பிணைக்கிறவர்.

"முடி" என்றார் நைனா. வாசலுக்குப் போய்விட்டார்.

சனியும் ஞாயிறும் அவர் என்னோடு பேசவில்லை. புதுப் பாவில் தனியாக உட்கார்ந்து நெய்தார். பக்கத்தில் என் இடம் காலியாக இருந்தது. அந்த ஞாயிறு நான் களம்பூர் போகவில்லை. அம்மா எனக்கும் அவருக்கும் நடுவில் தட்டுகளை மட்டும் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை நைனா தறியில் இறங்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு, "கெளம்பு" என்றார். எங்கே என்று கேட்கத் தைரியமில்லை. பையில் இருப்பது என் துணியா, மார்க் ஷீட்டா என்று தெரியவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியவில்லை என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். தெருவில் பாவு நீட்டிக்கொண்டிருந்தவர்கள் எங்களுக்காகக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்கள். நேரே போனால் பஸ் ஸ்டாண்டு. டீக்கடை முனையில் திரும்பினால் பள்ளி. அந்த முனையில் நைனா நின்றார். வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல் குனிந்து, அவிழ்த்து, மறுபடி கட்டினார். பிறகு திரும்பினார்.

தலைமை ஆசிரியரின் அறையில் ஏற்கெனவே நாலைந்து அப்பாக்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். அப்பாக்கள் சொன்னார்கள், அவர் எழுதினார். பிள்ளைகள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் முறை வந்தது. அவர் நிமிராமலே நைனாவிடம் கேட்டார்.

"எந்த குரூப்பு?"

நைனா பையிலிருந்து மார்க் ஷீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். தலைமை ஆசிரியர் மறுபடி கேட்டார், கொஞ்சம் உரக்க. நைனா என் பக்கம் திரும்பினார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என் முகத்தை அவர் பார்த்தது அப்போதுதான்.

"ஒன்னதான் கேக்கறாரு. சொல்லு."

தலைமை ஆசிரியர் என்னைக் கேட்கவில்லை என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை நாளும் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தை வாயில் வரவில்லை. இது தப்பாகப் போனால் இனி நைனாவைக் குறை சொல்ல வழியில்லை என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. 

"கணக்கு, சார்" என்றேன்.

தலைமை ஆசிரியர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, இதை எழுதலாமா என்பதுபோல் நைனாவைப் பார்த்தார். கணக்கு குரூப் என்றால் என்னவென்று நைனாவுக்குத் தெரியாது.

"அதாங்க சார்" என்றார். "அவன் சொல்றதுதான்."